அளந்து அனுப்பிய ஆற்றல்



பங்காரப்பேட்டையிலிருந்து பிரிந்து செல்லும் கிளை இருப்புப் பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதை பத்து மைல் சென்று அங்கே முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் இருப்பவை பழைய சுரங்கங்களும், பொன் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட சயனைடு மண் மேடுகளுமே. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடிப் புறப்பட்ட நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர் அது.

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் பொன்னைப் பற்றியே பேசுவார்கள். நான் இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். தொலைவில் உண்டாகும் ஆற்றல் ஒன்று, வழியிலே எவ்வளவு குறைந்து, கடைசியில் எவ்வளவு வந்து சேர்கின்றது என்னும் கணக்கே அப்பொருள். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. மின்சாரத்தைக் கம்பியிலே போட்டாலும், குரலைக் காற்றிலே போட்டாலும், அளந்துதான் போட வேண்டியிருக்கின்றது. இக்கணக்கை முதலில் கம்பி கற்பித்தது. பிறகு கம்பியில்லாத் தந்தி கற்பித்தது. அதன் பின்னர் வானொலி கற்பித்தது. இம்மூன்று பாடங்களுக்கும் மாரிகுப்பத்தோடு தொடர்பு உண்டு.

காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்னும் சொற்களை விளக்க வேண்டுவதில்லை. தலைமடையில் திறந்த நீர் முழுவதும் கடைமடைக்கு வருவதில்லை. வாய்க்காலின் மண் குடிப்பது ஒரு பங்கு. வெயில் குடிப்பது ஒரு பங்கு. கரை உடைந்து வழிவது ஒரு பங்கு. கணக்குத் தவறினால் நட்டம் தலைமடைக்காரனுக்கு அன்று, கடைமடைக்காரனுக்கே. மாரிகுப்பம் இருப்புப் பாதைக்குக் கடைமடை. பிறகு மின்கம்பிக்கும் கடைமடை ஆயிற்று.

அந்த வரலாறு காவிரியிலிருந்தே தொடங்குகின்றது. 1880-இலிருந்து ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கவயல் சுரங்கங்களை நடத்தி வந்தனர். சுரங்கம் ஆழம் செல்லச் செல்ல, பாறையை மேலே தூக்கவும், ஊறும் நீரை இறைக்கவும், காற்றை உள்ளே செலுத்தவும் பெருகிய ஆற்றல் வேண்டியதாயிற்று. நீராவி எந்திரங்களுக்கு வேண்டிய நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். விறகுக்குக் காடுகள் அழிந்துகொண்டிருந்தன. அவ்வமயம் மைசூர் அரசின் பொறியியல் அதிகாரியாக இருந்த ஜோலி டி லோத்பினியர், சிவசமுத்திர அருவியின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கித் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்று திட்டம் வகுத்தார். திவான் சேஷாத்திரி ஐயர் அதனை ஏற்று ஆதரித்தார்.

அருவிக்கும் சுரங்கத்துக்கும் இடையே கம்பி செல்ல வேண்டிய தொலைவு 92 மைல். அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தை அனுப்புவது அன்று உலகில் அரிய செயல். எந்தக் கம்பியும் மின்னோட்டத்தைச் சிறிதேனும் தடுக்கும். தடுக்கப்பட்ட ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். இந்த இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. பத்து மடங்கானால் இழப்பு நூறு மடங்கு. ஆனால் அதே ஆற்றலை உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் குறைந்த அளவே போதும். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் கம்பியில் இழப்பு நூற்றில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, சிவசமுத்திரத்திலிருந்து 30,000 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்ப முடிவு செய்தார்கள். அமெரிக்க நாட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மின்கருவிகளை அளித்தது. சுவிட்சர்லாந்து நாட்டு எஷர் வீஸ் நிறுவனம் நீர்ச்சுழலிகளை அளித்தது. 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் காவிரியின் வலிமை தங்கவயலை அடைந்தது. திட்டத்துக்கு வழிவகுத்த சேஷாத்திரி ஐயர் அதைக் காணவில்லை; 1901 செப்டம்பரில் அவர் காலமாகிவிட்டார்.

அத்திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுரங்கத்துக்கு 4,000 குதிரைத்திறன் வேண்டும் என்பதே தொடக்கம். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, வழியில் குறைவது எவ்வளவு, ஆகவே அருவியடியில் உண்டாக்க வேண்டியது எவ்வளவு என்று தீர்மானித்தார்கள். கணக்குக் கடைமடையில் தொடங்கித் தலைமடையில் முடிந்தது. இதுவே முதற்பாடம்.

இனிக் கம்பியில்லா உலகுக்கு வருவோம். கம்பியில்லை என்று பெயர் இருந்தாலும், அங்கும் சிறிதளவு கம்பி இருக்கவே செய்கின்றது. அலைபரப்பி ஒரு கட்டடத்தினுள் இருக்கும். அலையை வானில் வீசும் ஏரியல் வெளியே உயர்ந்த கம்பத்தில் இருக்கும். இரண்டையும் இணைப்பது கேபிள் என்னும் ஊட்டுக்கம்பி. ஆகவே ஆற்றல் மூன்று நிலைகளைக் கடக்கின்றது. அலைபரப்பி உண்டாக்குவது ஓர் அளவு. கேபிள் அதில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு எஞ்சியதை ஏரியலுக்குத் தருகின்றது. ஏரியல் தனக்கு வந்ததை ஒரு திசையில் குவித்து வீசுகின்றது. முதலாவது வரவு, இரண்டாவது செலவு. மூன்றாவதை என்னவென்று சொல்வது?

இக்கேள்வி எனக்கு ஒரு முறை தொல்லை தந்தது. நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். கலைப் பாடம் பயின்றவனேயன்றி அறிவியல் பயின்றவன் அல்லன். கம்பியில்லாக் கருவி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்க நேர்ந்தபோது, ஏரியலின் ‘கெயின்’ என்னும் சொல் வந்தது. அகராதியைப் பார்த்து ‘இலாபம்’ என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த பொறியியலாளர் ஒருவர் நகைத்தார். “ஐயா, முதல் போடாமல் இலாபம் ஈட்டும் வணிகம் எங்கேனும் உண்டோ? ஏரியல் ஒரு துளி ஆற்றலையும் உண்டாக்குவதில்லை. கொடுத்ததைத் திசை பார்த்துக் கொடுக்கின்றது, அவ்வளவே” என்றார். பிறகு அவரே ஓர் உவமையும் சொன்னார். சுரங்கத் தொழிலாளி தலையில் அணியும் விளக்கை எண்ணிப் பாருங்கள். அதன் சிறு குமிழை வெறுமனே கையில் பிடித்தால் நாற்புறமும் மங்கலாக ஒளி பரவும். பின்னே குழிவான ஒளித்தட்டை வைத்துவிட்டால், எதிரே உள்ள பாறை பளிச்செனத் தெரியும். குமிழ் அதேதான், மின்கலமும் அதேதான். முன்னே கூடிய ஒளி, பின்னே இருட்டாகிய பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அன்றே ‘இலாபம்’ என்பதை அடித்துவிட்டுக் ‘குவிப்பு’ என்று எழுதினேன். இப்பேச்சிலும் அச்சொல்லையே ஆளுகின்றேன்.

இம்மூன்றையும் கணக்கிடுவதற்கு உலகெங்கும் வழங்கும் அளவு டெசிபெல். அதன் பிறப்பும் கம்பியின் இழப்பிலிருந்தே வந்தது. அமெரிக்காவில் தொலைபேசிப் பொறியியலாளர்கள், குறிப்பிட்டதொரு வகைக் கேபிளில் ஒரு மைல் தொலைவு செல்லும்போது பேச்சு எவ்வளவு தேய்கின்றதோ அதையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். நாம் ‘கூப்பிடு தூரம்’ என்று சொல்வதைப் போன்றது அது. 1920-களில் அதனை மாற்றி, ஆற்றலின் மடங்கைக் கொண்டு புதிய அலகு அமைத்தார்கள். அதற்குத் தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக 1928-இல் டெசிபெல் என்று பெயர் வந்தது.

இவ்வலகின் சிறப்பு, பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிவிடுவதே. மூன்று டெசிபெல் கூடினால் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பு. ஆறு கூடினால் நான்கு மடங்கு. பத்துக் கூடினால் பத்து மடங்கு. இருபது கூடினால் நூறு மடங்கு. ஒரு டெசிபெல் குறைந்தால் ஐந்தில் நான்கு பங்கு எஞ்சும். ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். அலைபரப்பியின் ஆற்றல் 10 கிலோவாட். கேபிளில் இழப்பு ஒரு டெசிபெல். ஏரியலின் குவிப்பு ஆறு டெசிபெல் என்று கொள்வோம். கேபிளைக் கடந்ததும் ஏறத்தாழ 8 கிலோவாட் எஞ்சும். ஏரியல் அதனை நான்கு மடங்காகக் குவிப்பதால், நாடிய திசையில் மட்டும் 32 கிலோவாட் வீசப்பட்டதற்கு ஒப்பான பயன் கிட்டும். ஒன்றைக் கழித்து ஆறைக் கூட்டியதில் ஐந்து மிஞ்சியது. அந்த ஐந்து டெசிபெல்லே மூன்று மடங்குக்கு மேற்பட்ட உயர்வு. இதனை வீச்சாற்றல் என்று அழைப்போம்.

இக்கணக்கு ஒரு பேரரசின் திட்டத்தையே மாற்றிய வரலாறு நம் நாட்டிலும் நிகழ்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின், பிரிட்டிஷ் அரசு தன் ஆட்சிப் பகுதிகளை எல்லாம் கம்பியில்லாத் தந்தியால் இணைக்க விரும்பியது. நெட்டலைகளைப் பயன்படுத்தி, நூற்றுக்கணக்கான கிலோவாட் ஆற்றலும் மிக உயர்ந்த கம்பங்களும் கொண்ட நிலையங்களை அமைப்பதே அன்று அறிந்த வழி. ஆற்றல் நாற்புறமும் சிதறும். ஆகவே மலை போல் ஆற்றலைக் குவிக்க வேண்டும் என்று எண்ணினார்கள். மார்க்கோனி நிறுவனத்தின் பொறியியலாளர் சார்லஸ் சாமுவேல் பிராங்க்ளின் வேறு வழி கண்டார். சிற்றலையைக் கொண்டு, வரிசையாகக் கட்டிய கம்பித் திரைகளால், விளக்கின் ஒளிக்கற்றை போல் அலையை ஒரே திசையில் செலுத்தினார். அதற்கு இருபது கிலோவாட் அளவிலான அலைபரப்பியே போதுமானதாக இருந்தது.

ஆனால் சிற்றலை கேபிளில் எளிதில் வீணாகும் இயல்புடையது. ஏரியலில் சேர்த்ததை ஊட்டுக்கம்பியில் இழந்துவிட்டால் பயன் என்ன? பிராங்க்ளின் அதற்கும் விடை கண்டார். ஒரு செப்புக் குழாயினுள் மற்றொரு குழாயை நடுவாக நிறுத்தி, இடையே காற்றை விட்டு, அதன் வழியே ஆற்றலை ஏரியலுக்குக் கொண்டு சென்றார். வெளிக்குழாய் ஆற்றலைச் சிதறவிடாமல் காத்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு நாம் மாடியிலிருந்து இழுத்துவரும் கேபிளும் இதே அமைப்புடையதே: நடுவிலே ஒரு கம்பி, சுற்றிலும் ஓர் உறை. குவிப்பையும் இழப்பையும் ஒருவரே ஒரே வேலையில் கணக்கிட்டுத் தீர்த்தார் என்பது எண்ணத்தக்கது.

இம்முறையில் 1927 செப்டம்பர் 6-ஆம் நாள் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்பட்டது. புனேயை அடுத்த கிர்க்கியில் அலைபரப்பும் நிலையமும், தௌண்டில் அலைவாங்கும் நிலையமும் அமைந்தன. கடலடிக் கேபிள் நிறுவனங்களுக்கு இது பேரிடியாயிற்று. இரு சாராரும் மோதி அழிவதைத் தவிர்க்க, 1929-இல் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டார்கள்.

இதுவரை சொன்னவை அரசர்க்கும் வணிகர்க்கும் உரிய செய்திப் போக்குவரத்து. மாரிகுப்பத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு இதனால் என்ன பயன்? இனி வானொலியின் கதை.

சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் 1924-இல் தொடங்கிய ரேடியோ கிளப், 40 வாட் ஆற்றலுள்ள கருவியோடு ஒலிபரப்பை ஆரம்பித்தது. பிறகு 200 வாட் கருவியைப் பெற்றது. நல்ல முயற்சி, ஆனால் பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் நின்றுவிட்டது. அதன் கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பு நடத்தியது. மாரிகுப்பம் இருந்ததோ மைசூர் அரசின் ஆட்சியில். மைசூரிலும் 1935-இல் பேராசிரியர் கோபாலசாமி தம் இல்லத்தில் 30 வாட் கருவியை வைத்து ‘ஆகாசவாணி’ என்னும் பெயரால் ஒலிபரப்பத் தொடங்கினார். மாரிகுப்பத்திலிருந்து மைசூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 215 கிலோமீட்டர். இரு நகரங்களும் ஏறக்குறையச் சமமான தொலைவில் இருந்தன. அச்சிறு கருவிகளின் குரலோ அவ்வளவு தொலைவுக்கு உரியதாக இல்லை.

1936-இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் வழங்கத் தொடங்கிய ஆண்டில், அதன் தலைமைப் பொறியியலாளராகச் சிசில் கோய்டர் வந்து சேர்ந்தார். அவருடைய முன்கதை சுவையானது. 1924 அக்டோபர் 18-ஆம் நாள், இலண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியில் மாணவராக இருந்தபோதே, தாம் அமைத்த சிற்றலைக் கருவியால் ஏறத்தாழ 12,000 மைலுக்கு அப்பால் உள்ள நியூசிலாந்தின் பிராங்க் பெல் என்பவரோடு செய்தி பரிமாறியவர் அவர். பெரும் ஆற்றல் இன்றியும் பெருந்தொலைவு செல்லலாம் என்பதைப் பதினெட்டு வயதிலேயே கண்டவர்.

அவர் முன் இருந்த சிக்கல் எளிதன்று. இந்தியாவின் பரப்போ மிகப் பெரிது. அரசு ஒலிபரப்பு வளர்ச்சிக்கு ஒதுக்கிய தொகையோ 40 இலட்சம் ரூபாய். மத்திய அலை தரையோடு தவழ்ந்து செல்வது. மண் அதை உறிஞ்சிவிடும். அதைக் கொண்டே நாடு முழுவதையும் தழுவ வேண்டுமானால் எண்ணற்ற நிலையங்கள் வேண்டும். கோய்டர் கணக்கைக் கடைமடையிலிருந்து தொடங்கினார். நகரத்தார்க்குத் தெளிவான மத்திய அலை. நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு, தெளிவிலே சற்றுக் குறைந்தாலும் கேட்கத்தக்க சிற்றலை என்று இரு வகையாகப் பிரித்தார். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு இடங்களில் 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் சிற்றலை நிலையங்கள் எழுந்தன.

1938 ஜூன் 16-ஆம் நாள் தொடங்கப்பெற்ற சென்னை நிலையத்தின் இரு எண்களைக் கேளுங்கள். மத்திய அலைக்குக் கால் கிலோவாட், அதாவது 250 வாட். சிற்றலைக்கு 10 கிலோவாட். நகருக்கு ஒரு பங்கு, புறத்தார்க்கு நாற்பது பங்கு! 1939 மே 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி நிலையம் 5 கிலோவாட் மத்திய அலையோடு தொடங்கியது.

சிற்றலையில் ஏரியலின் திசைக்கு உள்ள மதிப்பை மாரிகுப்பத்தை வைத்தே விளக்கலாம். சிற்றலை வானத்தில் உள்ள மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. அவ்வடுக்கின் உயரம் 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து புறப்பட்டு 215 கிலோமீட்டரில் உள்ள மாரிகுப்பத்தில் இறங்க வேண்டிய அலை, ஏறத்தாழ 70 பாகைச் சாய்வில், உச்சி வானை நோக்கியே எழ வேண்டும். தரையில் 215 கிலோமீட்டரான வழி, வானில் ஏறி இறங்குவதில் 640 கிலோமீட்டர் ஆகின்றது. பினாங்கில் உள்ள தமிழர் கேட்க வேண்டுமானாலோ, அலை 10 பாகைக்கும் குறைந்த சாய்வில், அடிவானத்தை ஒட்டிச் செல்ல வேண்டும். ஒரே ஏரியல் இரண்டையும் சமமாகச் செய்ய இயலாது. கடல் கடந்தாருக்கென்று தாழக் குவித்தால், அண்டை மாநிலத்தார்க்கு அலை குறையும்; தலைக்கு மேலே குவித்தால், தொலைவில் உள்ளார்க்குக் குறையும். எனவே, அயலிடத்து உறவினர்களுள் யாருக்கு முதலில் குரல் கொடுப்பது என்னும் மனிதக் கேள்வியும் இப்பொறியியல் கணக்கினுள் மறைந்திருக்கின்றது. ஒருவருக்குச் சேர்த்தது மற்றொருவரிடமிருந்து எடுத்ததே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரியலின் கணக்கு மாநில எல்லையை அறியாது. தொலைவையும் திசையையும் மட்டுமே அறியும். மைசூர் அரசில் இருந்த மாரிகுப்பமும், சென்னை மாகாணத்தில் இருந்த வேலூர், குடியாத்தம் முதலிய ஊர்களும் அதன் பார்வையில் ஒரே வட்டத்தினுள் அடங்கியவை. அரசாங்கப் படத்தில் வெளியூராரான தமிழர், அலையின் படத்தில் உள்ளூராரே ஆனார்கள்.

கேட்போர் வீட்டிலும் இதே கணக்கு உண்டு. அலையை வீசுவதில் ஓர் ஏரியலுக்குள்ள குவிப்பே அலையை வாங்குவதிலும் அதற்கு உண்டு. இரு மூங்கிற் கம்பங்களுக்கிடையே செப்புக் கம்பியை இழுத்துக் கட்டியதும், கூடத்தின் சுவரோரம் செப்பு வலைப் பட்டையைத் தொங்கவிட்டதும் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். கம்பியைச் சற்று உயர்த்தினால் குரல் தெளிவாயிற்று. இணைப்புத் துருவேறினால் இரைச்சல் மிகுந்தது. குவிப்பு, இழப்பு என்னும் சொற்களை அறியாமலே அக்கணக்கை நம் மக்கள் கையால் செய்து பழகியிருந்தார்கள்.

வழித்தொலைவால் ஏற்படும் தேய்வுக்கு, ஹரால்ட் பிரீஸ் என்னும் பொறியியலாளர் 1946-இல் எளிய வாய்பாடு ஒன்று வெளியிட்டார். தடையற்ற வெளியில் தொலைவு இரட்டித்தால் வந்து சேரும் ஆற்றல் நான்கில் ஒன்றாகும்; அதாவது ஆறு டெசிபெல் குறையும். அக்குறைவை ஈடு செய்ய அனுப்புபவரின் ஏரியலும் வாங்குபவரின் ஏரியலும் துணை நிற்கும். இதன் உச்ச நிலையைக் காண மாரிகுப்பத்தார் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பெங்களூரை அடுத்த பையலாலு என்னும் சிற்றூரில் 18 மீட்டரும் 32 மீட்டரும் விட்டமுள்ள இரு ஏரியல் தட்டுகளை நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தது. 2008-இல் நிலவுக்குச் சென்ற சந்திரயான் அனுப்பிய நலிந்த அலைகள், ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் கடந்து அங்கே பிடிக்கப்பட்டன. கலத்தில் பெரிய அலைபரப்பியை ஏற்ற இயலாது. ஆகவே தரையிலே பெரிய தட்டை வைத்துக் கணக்கை நேர் செய்தார்கள்.

நம் வீட்டு மாடிகளிலும் இக்கணக்கு இப்போது குடிபுகுந்துவிட்டது. கம்பியில்லா இணையக் கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு உரிமம் பெறுவதிலிருந்து விலக்களித்தது. ஆனால் வரம்பும் விதித்தது: அலைபரப்பியின் ஆற்றல் ஒரு வாட்டுக்கு மிகாமலும், வீச்சாற்றல் 4 வாட்டுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டாவது வரம்பில்தான் பலர் தவறுவது. “என் கருவி ஒரு வாட்டுக்குள்தானே இருக்கின்றது” என்பார்கள். அதன் தலையில் மாட்டிய ஏரியலை எண்ணமாட்டார்கள்.

கணக்கைப் பின்னோக்கிப் போடுவோம். ஒரு மில்லிவாட்டை அடியாகக் கொண்டால் 4 வாட் என்பது 36 டெசிபெல். கையில் உள்ள ஏரியலின் குவிப்பு 15 டெசிபெல். அதனைக் கழித்தால் 21. மாடிக்குச் செல்லும் கேபிளில் இழப்பு 3 டெசிபெல், ஏரியலைச் சேருமுன் அது வீணாவதால் அதனைக் கூட்டிக்கொள்ளலாம், 24 ஆகின்றது. 24 டெசிபெல் என்பது 250 மில்லிவாட், அதாவது கால் வாட். இதுவே அக்கருவியில் வைக்கத்தக்க மிகுதியான ஆற்றல். சரிபார்ப்போம்: கால் வாட்டில் பாதியைக் கேபிள் தின்றால் 125 மில்லிவாட் எஞ்சும், ஏரியல் அதனை ஏறத்தாழ 32 மடங்காகக் குவித்தால் 4 வாட். கணக்கு நேராயிற்று. அதே கருவியை ஒரு வாட்டில் வைத்தால் வீச்சாற்றல் 16 வாட்டாகிவிடும். அண்டை வீட்டாரின் தொடர்பைக் கெடுப்பதோடு, சட்டத்தையும் மீறியதாகும்.

வரம்பு இல்லையென்றாலும் ஆற்றலை மட்டும் கூட்டுவது அறிவுடைமை ஆகாது. பழைய கேபிளை மாற்றி இழப்பை மூன்று டெசிபெல் குறைத்தால், ஆற்றலை இரட்டித்த பயன் கிடைக்கும். அதுவும் வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் ஒருசேரக் கிடைக்கும். அலைபரப்பியை மட்டும் வலுப்படுத்தினால், நாம் உரக்கப் பேசலாம். எதிரில் உள்ளவர் மெல்லப் பேசுவது நமக்குக் கேளாது.

அன்பர்களே, தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. தலைமுறைகளாக நிலத்தின் அடியில் உழைத்தவர்களின் மக்கள் இன்று பொழுது விடியுமுன் மாரிகுப்பத்தில் வண்டி ஏறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்புகின்றார்கள். அவர்களுடைய சட்டைப்பையில் உள்ள தொலைபேசியிலும் ஒரு சிறு அலைபரப்பியும் ஒரு சிறு ஏரியலும் உள்ளன. தொலைபேசிக் கோபுரம் அருகில் இருக்கும்போது அக்கருவி தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளும். விலகிச் செல்லும்போது கூட்டிக்கொள்ளும். கிர்க்கியிலும் சென்னையிலும் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து போட்ட கணக்கை, அது நொடிக்குப் பலமுறை போட்டு முடிக்கின்றது.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மனோர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கடைமடையில் இருப்பவரே. தாயகத்திலிருந்து புறப்பட்ட பேச்சு வழியிலே தேய்வது இயற்கை. அங்கிருந்து இன்னும் உரக்கப் பேசவில்லையே என்று குறைபடுவதில் பயனில்லை. காவிரி மின்சாரமும் சென்னைக் குரலும் நமக்குச் சொல்வது இதுதான்: இழப்பு எங்கே நேர்கின்றது என்று முதலில் பார், அதனைக் குறை, பிறகு உன் முகட்டில் உள்ள கம்பியை உயர்த்தி, வரவேண்டிய திசையை நோக்கித் திருப்பு. அனுப்புவோர் அளந்து அனுப்பட்டும். நாமும் அளந்து வாங்குவோம்.